மண்டை தப்பினால் போதுமா? காதுக்கு யார் பொறுப்பு?

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் காதுக்குள் எதையாவது செருகியிருப்பதைக் கண்டால் நம்மவர்கள் உடனே இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். "காதை அடைத்துக்கொண்டு வீதியில் போகிறவன் சாவைத் தேடிப் போகிறான்" என்பது ஒரு கட்சி. பெற்றோரும் பொலிஸாரும் பத்திரிகைகளுக்கு ஆசிரிய தலையங்கம் எழுதுவோரும் இதில் அடக்கம். "பாட்டுக் கேட்டுக்கொண்டு போனால் களைப்புத் தெரியாது" என்பது மற்றக் கட்சி. இளைஞர்களும் அவர்களுக்கு இயர்போன் விற்கும் வியாபாரிகளும் இதன் உறுப்பினர்கள். காதைப் பற்றி வாதாடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் இந்த இரு கட்சியாரும் உண்மையில் காதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. முன்னவர்களின் கண்ணில் விபத்து மட்டும் படுகிறது. பின்னவர்களுக்குப் பாட்டு மட்டும். தலைக்கவசத்துக்குள் நாள்தோறும் சிறிது சிறிதாக அழிந்துகொண்டிருக்கும் கேட்கும் திறனுக்காகப் பேச எவருமில்லை.

நான் சொல்லவருவது இதுதான். தலைக்கவசத்தின் கீழ் அணிவதற்கென இயர்போன் ஒன்றைத் தெரிவுசெய்பவர், அதை முதலில் ஒரு காதடைப்பாகவே மதிப்பிட வேண்டும். அதிலிருந்து ஒரு சத்தமும் வராதபோதும் அதை அணிந்திருப்பதால் காதுக்கு நன்மை உண்டா என்பதே முதற் கேள்வி. அந்தக் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் கிடைக்காத எந்தச் சாதனமும், அதன் விலை என்னவாக இருந்தாலும், மோட்டார் சைக்கிளுக்கு உரியதன்று.

தலைக்கவசத்தை நான் குறைகூறுவதாக எவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். அது இறப்பின் அபாயத்தை 42 வீதத்தாலும் தலைக்காயத்தின் அபாயத்தை 69 வீதத்தாலும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பெறப்பட்ட, உலகம் ஏற்றுக்கொண்ட முடிவு. ஆனால் மண்டையோட்டைக் காப்பதற்காக ஆக்கப்பட்ட அந்தப் பொருள் காதையும் காக்கும் என்று நாமாகவே கற்பனை செய்துகொண்டோம். தலைக்கவசங்களுக்கான தரநிர்ணயங்கள் மோதலைத் தாங்கும் வலிமையையும் நாடாவின் உறுதியையும் பார்வைப் பரப்பையும் அளக்கின்றன. ஓடும்போது உள்ளே எத்தனை டெசிபல் இரைச்சல் இருக்கலாம் என்பதற்கு அவை உச்சவரம்பு விதிப்பதில்லை.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? எஞ்சினிலிருந்து என்றே பலரும் எண்ணுகிறார்கள். புகைக்குழாயை மாற்றிக் கிராமத்தையே எழுப்பிச் செல்லும் இளைஞர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, "என்னுடையது அமைதியான வண்டி, எனக்குப் பிரச்சினை இல்லை" என்கிறார்கள். உண்மை வேறு. ஓரளவு வேகம் பிடித்தபின் ஓட்டுநரின் காதைத் தாக்குவது காற்றேயாகும். தலைக்கவசத்தின் ஓட்டின்மீதும் விளிம்பின்மீதும் மோதும் காற்று சுழல்களாகச் சிதறி, அந்த அதிர்வு உள்ளே நுழைகிறது. இங்கிலாந்தில் 1990களிலிருந்து நடந்த அளவீடுகளின்படி, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தை அண்டியே தலைக்கவசத்துக்குள் இரைச்சல் ஏறத்தாழ 90 டெசிபலைத் தொட்டுவிடுகிறது. வேகம் 100ஐத் தாண்டும்போது இரைச்சலும் 100 டெசிபலை எட்டுகிறது. 160 கிலோமீற்றரில் அது 110. அந்நாட்டின் பாத் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாடைக்குக் கீழாகவுள்ள திறந்த பகுதி இரைச்சல் உட்புகும் முக்கிய வழி எனப் பின்னர் காட்டினார்கள். முன்னால் பொருத்தும் கண்ணாடித் தடுப்பும் எல்லா வேளையும் உதவுவதில்லை. அதன் மேல்விளிம்பில் குழம்பும் காற்று நேரே தலைக்கவசத்தில் வந்து மோதுமாயின் இரைச்சல் கூடவும் செய்யும்.

90 டெசிபல் என்றால் என்ன? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவகம் வகுத்த கணக்கு எளிமையானது. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் தாங்கக்கூடிய உச்சம் 85 டெசிபல். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். 88க்கு 4 மணித்தியாலம், 91க்கு 2 மணித்தியாலம், 94க்கு ஒரு மணித்தியாலம், 100க்கு வெறும் 15 நிமிடம். இப்போது யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியாக வவுனியாவுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படும் ஒருவரை எண்ணிப்பாருங்கள். தூரம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். சட்டத்தை மீறாமல், நிதானமான வேகத்தில், ஒருவரையும் முந்தாமல் போனாலும், வவுனியாவை அடையுமுன்னரே அவருடைய காதுக்குரிய அன்றைய பங்கு முடிந்துவிடுகிறது. திரும்பிவரும் பயணம் முழுவதும் கடன்தான். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. ஒவ்வொரு உட்காதிலும் ஒலியை உணர்வதற்கென அமைந்தவை ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் மட்டுமே. அழிந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

முதலில் போவது உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகள். அதனால் இழப்பவருக்கு இழப்புத் தெரிவதில்லை. சத்தம் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. "என்ன சொன்னனீங்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்குகிறார். கல்யாண வீட்டில் பத்துப் பேர் ஒன்றாகப் பேசும் இடத்தில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறார். இரவில் ஊர் அடங்கியபின் காதுக்குள் மட்டும் ஒரு சில்வண்டு ஓயாமல் இரைகிறது. மாவட்டச் செய்திகளுக்காக ஆண்டுக்கணக்கில் மோட்டார் சைக்கிளில் அலைந்த என் வயதுச் செய்தியாளர்கள் சிலரோடு தொலைபேசியில் பேசும்போது, நான் குரலை உயர்த்தியே பேசவேண்டியிருக்கிறது. வயதுபோய்விட்டது என்று அவர்கள் சிரிக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்பதை நான் அவர்களிடம் சொல்வதில்லை, இங்கே சொல்கிறேன்.

"காதை அடைத்தால் ஹோர்ன் சத்தம் கேட்காது, அம்பியூலன்ஸ் வருவது தெரியாது" என்பது முதற் கட்சியின் பெரிய வாதம். நல்லெண்ணத்தில் எழுந்த வாதம் என்பதால் அதற்கு மரியாதையோடு பதில் சொல்லவேண்டும். காதடைப்பு காற்றின் இரைச்சலை மட்டுமல்ல, ஹோர்ன் சத்தத்தையும் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவாகக் குறைக்கிறது. காற்றைவிட ஹோர்ன் எவ்வளவு உரத்திருந்ததோ அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. அளவுக்கு மீறிய இரைச்சலில் திணறும் காதைவிட, அந்தப் பாரம் நீங்கிய காது ஒலிகளை நன்றாகப் பிரித்தறியும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிந்தவர் குருடாகிவிடுவதில்லையே! 90 டெசிபல் காற்றில் வெறுங்காதோடு போகிறவர் எல்லாவற்றையும் கேட்கிறார் என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது. அவர் காற்றை மட்டுமே கேட்கிறார்.

இந்தப் பதிலுக்கும் எல்லைகள் உண்டு, மறைக்கவேண்டியதில்லை. நகருக்குள் குறைந்த வேகத்தில், முச்சக்கரவண்டிகளுக்கும் பஸ்களுக்கும் இடையில் நெளிந்து செல்லும்போது காற்றின் இரைச்சல் பெரிதல்ல. அங்கே காதைத் திறந்து வைத்திருப்பதே முறை. நெடுவீதியில் ஏறுமுன் வண்டியை ஓரமாக நிறுத்தி அணிந்துகொள்ளலாம். ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு எச்சரிக்கை ஒலிகள் மேலும் மங்கக்கூடும் என்பதால் அவர்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். இவை விதிவிலக்குகள். விதியையே தலைகீழாக்க இவை போதா.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பிரான்ஸ் அரசு 2015 ஜூலை 1 முதல் வாகனம் ஓட்டுவோர் காதில் ஒலியெழுப்பும் சாதனம் எதையும் அணியக்கூடாதென விதித்தது. தண்டம் 135 யூரோ, அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளிகள் பறிபோகும். தலைக்கவசத்தோடு ஒன்றாகப் பொருத்தப்பட்ட ஒலிபெருக்கிகளுக்கு மட்டும் விலக்கு. இதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு சத்தமும் எழுப்பாமல் காற்றை மட்டும் தடுத்துக்கொண்டிருக்கும் இயர்போன் அங்கே குற்றம். தலைக்கவசத்துக்குள் காதருகே 100 டெசிபலில் அலறும் ஒலிபெருக்கி சட்டபூர்வமானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ இரண்டு காதுகளையும் மறைப்பதைத் தடைசெய்தாலும், தீங்கான இரைச்சலைக் குறைப்பதற்கென்றே ஆக்கப்பட்ட காதுப் பாதுகாப்புகளை விலக்கி வைத்திருக்கிறது. அதைச் சிந்தித்து எழுதிய சட்டம் எனலாம். பாரிஸில் வாழும் வாசகர்கள் என்னை நம்பி இயர்போனோடு புறப்பட்டுத் தண்டம் கட்டவேண்டாம். சத்தம் எழுப்பாத வெறும் காதடைப்பு இந்த விதிக்குள் வராது, அதை அணியுங்கள்.

நம் நாட்டில் இந்தச் சிந்தனை எந்த மட்டத்தில் இருக்கிறதென்பதற்கு 2015 இல் எழுந்த சர்ச்சையே சான்று. கொள்ளையர் முகத்தை மறைக்கிறார்கள் என்று காரணம் காட்டி, முகத்தை முழுமையாக மூடும் தலைக்கவசங்களைப் பொலிஸார் தடைசெய்ய முனைந்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் அது நின்றது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின, என் சக தொழிலாளர்களும் எழுதினார்கள். அடையாளம் பற்றிப் பேசினோம், தாடை எலும்பு பற்றிப் பேசினோம். நான் வாசித்தவற்றில் ஒரு வரியேனும் காதைப் பற்றி இருக்கவில்லை. பதிவுசெய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களாக உள்ள நாடு இது!

சட்டம் குருடு என்றால் சந்தை தந்திரமானது. "இரைச்சல் நீக்கம்" என்ற சொல்லை அது பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சடித்து விற்கிறது. அந்தச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருப்பதை அது சொல்வதில்லை. ஒன்று, காதின் வாயிலை நெருக்கமாக அடைத்து இரைச்சலை உள்ளே விடாமல் தடுப்பது. மற்றது, வெளியிலுள்ள இரைச்சலைச் சிறிய ஒலிவாங்கியால் உள்வாங்கி அதற்கு எதிரான அலையை எழுப்பி அழிப்பது. இரண்டாவது முறை விமானத்தின் எஞ்சின் முழக்கத்தைப் போன்ற தாழ்ந்த, மாறாத ஒலிக்கு மிகச் சிறப்பாக வேலை செய்யும். கணத்துக்குக் கணம் மாறும் காற்றுச் சுழலில் அது தடுமாறும். ஒலிவாங்கியின் மேலேயே காற்று மோதினால் புதிய இரைச்சலொன்று உள்ளே கேட்கவும் கூடும். மோட்டார் சைக்கிளில் நம்பத்தக்கது முதல் முறைதான். இரண்டாவது இருந்தால் மேலதிகம். அதற்காகக் காசைக் கொட்டுவது வீண்.

காதை அடைக்காமல் வாயிலில் தொங்கிக்கொண்டிருக்கும் வகை இயர்போன்களே எல்லாவற்றிலும் கேடானவை. கணக்கைப் பாருங்கள். வெளியே காற்று 90 டெசிபல். வழிகாட்டும் குரல் விளங்கவேண்டுமானால் அதை 95க்கு உயர்த்தவேண்டும். 95 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 50 நிமிடம்தானும் அனுமதி இல்லை. அதே காதை 20 டெசிபல் குறைக்கும் வகையில் நன்றாக அடைத்தால் காற்று 70 ஆகிறது. குரலுக்கு 75 தாராளம். ஒன்று இரைச்சலின்மேல் இரைச்சலை ஏற்றுகிறது, மற்றது இரண்டையும் இறக்குகிறது. எலும்பு வழியாக ஒலியைச் செலுத்தும் புதிய வகைகளும் காதைத் திறந்தே விடுவதால் காற்றுக்கு எதிராக ஒன்றும் செய்வதில்லை. தலைக்கவசத்தில் ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் காதடைப்பை அணிந்துகொண்டு அதைக் கேட்கலாம். காற்றும் குரலும் சேர்ந்தே குறைவதால் குரல் முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும்.

தெரிவுசெய்யும் முறைக்கு வருகிறேன். கடையில் வெறுந்தலையோடு போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது பயனற்றது. காதின் குழிக்குள் முழுமையாக அடங்கி, வெளியே துருத்தாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்டு நீண்டவையும் பொத்தான் புடைத்தவையும் தலைக்கவசத்தின் உள்மெத்தையில் அழுந்தி, அரை மணித்தியாலத்தில் காதுமடலை நோகச் செய்துவிடும். தலைக்கவசத்தை இழுத்து மாட்டும்போதே சில நழுவிவிடும். ஒரு பக்கம் நழுவினாலும் அடைப்பு முறிந்துவிடும். ஆகவே அணிந்து, அதன்மேல் உங்கள் சொந்தத் தலைக்கவசத்தையும் மாட்டி, வீட்டுக் கதிரையில் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். தாடையை அசையுங்கள், தலையைத் திருப்புங்கள். எங்கேனும் ஒரு புள்ளியில் வலித்தால் அது உங்களுக்கு உரியதல்ல.

முனைகளில் இரண்டு வகை. சிலிக்கோன் முனை கழுவ எளிது, நம் வெக்கைக்கும் வியர்வைக்கும் நின்றுபிடிக்கும். ஆனால் அளவு சரியாக இருக்கவேண்டும். இரு காதுகளுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்பதும் நிச்சயமில்லை. ஸ்பொஞ் முனை காதின் வடிவத்துக்கேற்ப விரிந்து நன்றாக அடைக்கும், மெத்தையின் அழுத்தத்திலும் நோகாது. ஆனால் விரைவில் பழுதாகும், அடிக்கடி மாற்றவேண்டும். ஸ்பொஞ்சை விரல்களால் மெல்லிதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் 30 டெசிபல் என்று அச்சிட்டிருந்தாலும், அவசரத்தில் அரைகுறையாகச் செருகுபவருக்கு அதில் பாதியும் கிடையாது. நமது ஈரலிப்பான காலநிலையில் காதுக்குள் பூஞ்சணம் பிடிப்பது எளிது என்பதால் முனைகளைக் கழுவி, உலர்த்தி, ஒருவருடையதை மற்றவர் பாவிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு தேடலுக்கு வசதியில்லாதவர்கள் எதையும் இழக்கப்போவதில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஒரு சோடி ஸ்பொஞ் காதடைப்பின் விலை ஒரு லீற்றர் பெற்றோலின் விலையை எட்டாது. வழிகாட்டும் குரல் தேவையில்லாத பயணத்துக்கு அதைவிடச் சிறந்த சாதனம் இல்லை. எந்தச் சாதனமானாலும் ஓடும்போது தொலைபேசி உரையாடல் கூடாது என்பதில் முதற் கட்சியோடு நானும் நிற்கிறேன். அங்கே ஆபத்து காதில் இருப்பதைவிடக் கவனத்தில் இருக்கிறது.

கடைசியாக, இந்தப் பேச்சில் எவரும் நினைத்துப் பார்க்காதவர்கள். வீடு வீடாக உணவும் பொதியும் கொண்டுசெல்லும் இளைஞர்கள் கொழும்பிலும் இலண்டனிலும் பாரிஸிலும் நாளெல்லாம் தலைக்கவசத்துக்குள் வாழ்கிறார்கள். நம் பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். 85 டெசிபல் இரைச்சலில் நிற்கும் தொழிற்சாலைத் தொழிலாளிக்குக் காதுப் பாதுகாப்பு வழங்குவது ஐரோப்பாவில் முதலாளியின் சட்டக் கடமை. 2003 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரை அதைத் தெளிவாகச் சொல்கிறது. சுவருக்குள் வேலை செய்பவருக்கு உள்ள அந்த உரிமை, வீதியில் வேலை செய்பவருக்கு நடைமுறையில் கிடைப்பதில்லை. அவரை "சுயதொழில் செய்பவர்" என்று எழுதிவிட்டால் கடமை முடிந்ததாம். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட மேற்சட்டையும் பெட்டியும் கொடுக்கிறவர்களால் ஒரு சோடி காதடைப்பைக் கொடுக்க முடியாதா?

கேட்கவேண்டியவை பெரியவை அல்ல. தலைக்கவசத்தின் விலைச்சீட்டில் அதன் உள்ளே எழும் இரைச்சலின் அளவு அச்சிடப்பட வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான பாடத்தில் காதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட வேண்டும். சட்டம், காதில் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இவை நடக்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பிள்ளை இருந்தால், அவன் காதிலிருப்பதைப் பிடுங்கி எறிய முன்னர் அது காற்றைத் தடுக்கிறதா என்று கேளுங்கள். தடுக்காவிட்டால் தடுக்கும் ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.